சனிக்கிழமை மட்டும் வரும் கேஸ் வாடை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என்னுடையது எழுதுகிற கை இல்லை, தூக்குகிற கை. பள்ளிக்கூடத்தில் நான் கடைசியாக எழுதிய தமிழ்க் கட்டுரை திரும்பி வந்தபோது அதில் என் நீல மையைவிட டீச்சரின் சிவப்பு மை அதிகமாக இருந்தது. பார்த்தால் அவரே எழுதியது போல இருக்கும், மதிப்பெண் மட்டும் எனக்கு. அதற்குப் பிறகு படிப்பும் என்னை விட்டுவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். இரண்டு பேருக்குமே வருத்தமில்லை.

எழுத வைத்தது என் பழைய கம்பெனியின் புதுப் பையன்கள். நான் ரிட்டயர் ஆனவன். வயது முப்பத்து மூன்று. சிரிக்க வேண்டாம். கேஸ் சிலிண்டர் தூக்கித் தூக்கி முதுகுத்தண்டில் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. டாக்டர் படத்தைக் காட்டி, இனிமேல் குழந்தையைத் தூக்கலாம், சிலிண்டரைத் தூக்கக் கூடாது என்றார். எனக்குக் குழந்தை இல்லை டாக்டர், சிலிண்டர்தான் இருந்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. இப்போது சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் என் மாமாவின் தையல் கடையில், முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஜாக்கெட் துணி வாங்கி வைக்கிறேன்.

அந்தப் பையன்களுக்குக் கம்பெனி இப்போது ஒரு மிஷின் கொடுத்திருக்கிறது. கேஸ் கசிந்தால் பீப் பீப் என்று கத்தும். கடைக்கே கொண்டுவந்து என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார்கள். கத்தவில்லை, நல்லவேளை. நீங்கள் எல்லாம் நிஜமாகவே பாத்திரம் கழுவுகிற சோப்பையும் மூக்கையும் வைத்துக்கொண்டா வேலை பார்த்தீர்கள் என்று, குகையிலிருந்து வந்தவனைக் கேட்பது போலக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதையெல்லாம் எழுதுங்கள் அண்ணே என்றார்கள். கிண்டலுக்குத்தான் சொன்னார்கள். நான் எழுதிவிட்டேன். இனி அவர்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

எங்கள் கம்பெனி வீடுகளுக்கு கேஸ் கிரில் விற்றது, சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுத்தது, கோளாறு என்றால் போய்ப் பார்த்தது. கிரில் என்றால் சக்கரம் வைத்த இரும்பு அடுப்பு. மேலே பெட்டி போல ஒரு மூடி, பக்கத்தில் சிலிண்டர் நிற்க இடம். அடுக்குமாடி ப்ளாக் வீட்டுக் காரிடாரில் அதை வைக்க முடியாது. முற்றமோ தோட்டமோ உள்ளவர்கள்தான் எங்கள் வாடிக்கைக்காரர்கள். நான் ப்ளாக் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அதனால் ஒவ்வொரு கேட்டுக்குள் நுழையும்போதும் வேலையைவிட வேடிக்கைதான் எனக்கு முதலில் தெரியும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மீன் தொட்டி ஏன் குளம் மாதிரி இருக்கிறது, இந்த அங்கிள் காரைப் பூட்டாமல் செருப்பை மட்டும் ஏன் பூட்டி வைக்கிறார். பதில் தெரியாமல் லாரிக்குத் திரும்பினால் எனக்குச் சோறு இறங்காது.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கு, இறக்கு, உருட்டாதே, படுக்க வைக்காதே. ஒரு பரீட்சை, அதில் இரண்டாவது தடவை பாஸ். மீதி எல்லாம் மேகலா அக்கா.

மேகலா அக்கா எங்கள் சூப்பர்வைசர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனால் தலை நரைத்த லாரி டிரைவரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. கத்துகிற ஆளாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன், வீட்டில் பழக்கம்தான். இவர் கேள்வி கேட்பார். அதுவும் ஒரே கேள்வி, அப்புறம் என்று. வாடிக்கைக்காரர் வீட்டிலிருந்து போன் போட்டால், என்ன செய்தாய் என்று கேட்க மாட்டார். என்ன பார்த்தாய் என்பார். கிரில் இருக்கிறது அக்கா. அப்புறம்? சிலிண்டர் நேராக நிற்கிறது. அப்புறம்? குழாய் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அப்புறம்? இப்படியே இழுத்து, அந்த வீட்டு நாய் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது என்பது வரை நம் வாயாலேயே வாங்கிவிடுவார். அதற்குள் எங்கோ கோளாறு வந்து விழுந்திருக்கும்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கேட்டுக்குள் போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் பிரகாரம் சுற்றுவது போல கிரில்லை ஒரு சுற்று சுற்ற வேண்டும். எதையும் தொடக் கூடாது. கம்பெனி சொல்லிக் கொடுத்த முறையில் இது கிடையாது. கம்பெனி முறைப்படி முதல் வேலை ரெகுலேட்டரைக் கழற்றுவது. ரெகுலேட்டர் என்பது சிலிண்டரின் தலையில் தொப்பி போல க்ளிக் என்று உட்காருவது. கேஸைத் திறக்கிற மூடுகிற ஸ்விட்ச் அதில்தான் இருக்கும். அதைக் கழற்றி, அடியில் உள்ள பித்தளை வாயைத் துணியால் துடைத்து, மறுபடி மாட்டி, திறந்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்க வேண்டும். குமிழ் வந்தால் கசிவு. அவ்வளவுதான். துடைப்பதற்கு முன்னால் பார், துடைத்துவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது என்பார் அக்கா. கை கட்டிக்கொண்டு சுற்றிய என்னைப் பார்த்து ஒரு சீன ஆண்ட்டி, வீடு வாங்க வந்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். விலையைச் சொல்லுங்கள், யோசிக்கிறேன் என்றேன்.

இப்படிச் சுற்றியதில் எத்தனையோ பார்த்தேன். சிராங்கூன் பக்கம் ஓர் அங்கிள், கிரில் மூடியைத் திறக்காமலேயே கேஸைத் திருப்பிவிட்டுப் பற்ற வைக்கிற பட்டனைத் தட்டியிருக்கிறார். பற்றவில்லை. பொறுமைசாலி, தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். மூடிய பெட்டிக்குள் கேஸ் நிரம்பிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசித் தட்டலில் பற்றியது. மூடி பறந்தது, அவருடைய இரண்டு புருவமும் போனது. வேறு காயம் இல்லை என்பது அவர் செய்த புண்ணியம். நான் போனபோது மனைவியின் மைப் பென்சிலால் வரைந்த புருவத்தோடு கதவைத் திறந்தார். ஒரு புருவம் ஆச்சரியப்பட்டது, இன்னொன்று கோபப்பட்டது. முதலில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேஸைத் திறக்க வேண்டும், பற்றாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒரு கோப்பி குடித்து முடித்துவிட்டு வந்துதான் மறுபடி தொட வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. முழுவதையும் சிலிண்டரைப் பார்த்தே சொல்லி முடித்தேன். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வீடு. கீழே பூக்கடை, மேலே குடும்பம், பின்னால் கைக்குட்டை அளவுக்கு ஒரு முற்றம். பிறந்தநாள் விருந்து அன்று பார்த்து மழை. கிரில்லுக்கு மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மூன்று பக்கமும் தொங்கவிட்டு, அதற்குள் நின்று கோழி சுட்டிருக்கிறார்கள். தார்ப்பாய் உருகிக் கோழியின் மேல் சொட்டியிருக்கிறது. அதற்கும் அசராமல் சுட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் தலை சுற்றுகிறது என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குப் போன் வந்தது. மழையில் நனைந்த கோழியைத் திரும்பச் சுடலாம், அந்தப் புகைக்குள் நின்ற ஆளை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். கிரில் நிற்கிற இடத்தில் அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிய வேண்டும். நீலமாகத் தெரிந்தால் மட்டும் போதாது, அது தார்ப்பாயாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் பார்த்ததுமே புரிகிற சங்கதிகள். காத்தோங் வீடு அப்படி இல்லை.

சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் அந்த வீடு. ராமநாதன் அங்கிள், அவர் மனைவி விசாலாட்சி ஆண்ட்டி, ஒரே மகள் கவிதா, கவிதாவின் கணவர் செந்தில். அங்கிள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். செந்தில் திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, மாமனார் வீட்டிலேயே தங்கியவர். கிரில் அவர் வாங்கியது. சனிக்கிழமை தோறும் முற்றத்தில் நின்று மீன் சுடுவார். வாரம் முழுக்க அந்த வீட்டில் அவர் விருந்தாளி, சனிக்கிழமை மட்டும் வீட்டுக்காரர். இதை அவரேதான் என்னிடம் சொன்னார்.

புகார் இதுதான். சனிக்கிழமை சமைத்து முடித்து எல்லாவற்றையும் மூடிய பிறகு, அங்கிள் கேட்டைப் பூட்டப் போனால் முற்றத்துச் சாக்கடை ஓரம் கேஸ் வாடை அடிக்கும். மற்ற நாளில் கிடையாது. புகார் கொடுத்தால் எங்கள் ஆள் போவது திங்களோ செவ்வாயோ. என் கூட்டாளி குமரேசன்தான் இரண்டு தடவையும் போனான். கழற்றினான், துடைத்தான், மாட்டினான், சோப்புத் தெளித்தான். ஒரு குமிழ்கூட இல்லை. சும்மா வர மனமில்லாமல் குழாயையும் ரப்பரையும் புதிதாக மாற்றிவிட்டு வந்தான். அடுத்த சனிக்கிழமை மறுபடி வாடை.

பொருளில் கோளாறு இல்லை என்றால் ஆளிடம்தான் கோளாறு. செந்தில் ஸ்விட்சைச் சரியாக மூடுவதில்லை என்று அந்த வீட்டில் முடிவாகிவிட்டது. பெண் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையைத் திட்ட மாட்டார்கள். அதைவிட மோசமான ஒன்றைச் செய்வார்கள், மரியாதையாகப் பேசுவார்கள். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை ஜாஸ்தி, மறந்திருப்பார் என்பாராம் அங்கிள். செந்தில் சமைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே போய் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாராம். அதற்கு அப்புறம் செந்தில், மூடியதும் ஸ்விட்சைப் போனில் படம் எடுத்து வைக்க ஆரம்பித்தார். படத்தைக் காட்டினால், மூடிவிட்டு எடுத்தீர்களா, எடுப்பதற்காக மூடினீர்களா என்று மாமனார் சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்தக் கேள்விக்கு எந்த கேமராவிலும் பதில் கிடையாது.

கவிதா அப்போது மாசமாக இருந்தார். குழந்தை வரப்போகிற வீட்டில் இந்தப் பொருள் ஆகாது என்று அங்கிள் சொல்லிவிட்டார். உங்களை நம்பி வீட்டை விட முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் செந்தில் காதில் அப்படித்தான் விழுந்தது. தூரத்தில் புங்கோல் பக்கம் வாடகைக்கு ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். கவிதாவுக்கு முதல் பிரசவம், அம்மா பக்கத்தில் வேண்டும். புருஷனையும் விட முடியாது. இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

கிரில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள் என்று அங்கிள் கம்பெனிக்குப் போன் செய்தது அந்த வாரம்தான். அன்று சனிக்கிழமை. கையில் வேலை இல்லாமல் இருந்தவன் நான் ஒருவன். போனேன்.

கேட்டில் செந்தில் நின்றிருந்தார். நல்ல உயரம், சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை, முகம் மட்டும் கசங்கியிருந்தது.

"எடுத்துட்டுப் போங்க ப்ரோ. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க. நெஜமாவே நான் மூடுறேனா இல்லையான்னு எனக்கே இப்ப டவுட் வந்துருச்சு."

படம் இருக்கிறதே என்றேன். படத்தையும் நம்ப முடியவில்லை என்றார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அங்கிள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சீக்கிரம் லாரியில் ஏற்று என்பது போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிரில் சுவரிலிருந்து தள்ளி, திறந்த இடத்தில் நின்றது. அண்ணாந்தால் வானம். எண்ணெய் வடிகிற தட்டு நான் சாப்பிடுகிற தட்டைவிடச் சுத்தம். சிலிண்டர் நேராக நின்றது, குழாய் சூடு படாத பக்கம் தொங்கியது. ஓர் அடி தள்ளி, இரும்புக் கம்பி மூடி போட்ட சாக்கடை. இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறவர் ஸ்விட்சை மூட மறப்பாரா என்று எனக்குக் குறுகுறுத்தது. அக்காவுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அப்புறம், அப்புறம். சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல், சிலிண்டர் பளபளவென்று இருக்கிறது என்றேன்.

"எவ்ளோ பளபளப்பு?"

"நம்ம கொடுக்கிறப்ப கூட இப்படி இருக்காது அக்கா. குளிப்பாட்டி வச்ச மாதிரி இருக்கு."

"யாரோ வேல பாத்திருக்காங்க. ரெகுலேட்டரக் கழட்டாத. துடைக்காத. அப்படியே சோப்பு அடி."

கம்பெனி முறைக்கு நேர் எதிர். கிரில்லின் திருகுகளை எல்லாம் மூடி வைத்துவிட்டு, ரெகுலேட்டர் ஸ்விட்சைத் திறந்து, குழாய் நெடுக சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். ஒன்றுமில்லை. கிரில்லோடு குழாய் சேருகிற இடத்தில் ஒன்றுமில்லை. சிலிண்டரின் கழுத்தில், தொப்பி உட்காருகிற இடத்தில் தெளித்தேன். முதலில் ஆப்பத்தின் ஓரம் போலச் சின்னச் சின்னதாகப் பூத்தது. அப்புறம் தவளைத் தொண்டை போல உப்பிக்கொண்டு வந்தது. உடனே மூடினேன். அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த கேஸ் புகை மாதிரி மேலே போகாது, காற்றைவிட கனம். கீழே இறங்கித் தரையோடு தரையாகப் போய்ப் பள்ளம் கிடைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும். செந்தில் சமைக்கிற நேரம் முழுக்க இந்தக் கழுத்து வழியாகக் கசிந்திருக்கிறது. மீன் வாசனையில் யாருக்கும் தெரியவில்லை. அவர் ஒழுங்காக மூடிவிட்டு உள்ளே போன பிறகும், இறங்கின கேஸ் சாக்கடைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அங்கிள் கேட்டைப் பூட்ட வரும்போது மூக்கில் ஏறியது அதுதான்.

"உங்க மூக்கும் சரி, அவர் கையும் சரி அங்கிள்," என்றேன்.

அவர் ஸ்விட்சைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. சரியான கேள்வி ஒன்றைக் கேட்டார். அப்படியானால் திங்கட்கிழமை வந்த தம்பிக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? எனக்கும் தெரியவில்லை. கேஸ் என்ன நாள் பார்த்தா கசியும்.

ஸ்விட்ச் மூடியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, தொப்பியைத் தூக்கினேன். அடியில் இருந்த பித்தளை வாயில் வட்டமாகச் சந்தனம். காய்ந்து கெட்டியாகி, ரப்பர் அழுத்தியதில் ஓரம் நசுங்கி வெடித்திருந்தது. அந்தச் சந்தனத்தின் நடுவில் சிவப்பாகக் குங்குமம். அந்தக் காய்ந்த கட்டியின் மேல் உட்கார்ந்தால் எந்த ரப்பருக்கும் பிடிப்பு கிடைக்காது. முதலில் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புத் தெளித்த குமரேசனுக்குக் குமிழ் எப்படி வரும்.

போனில் அக்கா, அப்புறம் என்றார்.

"பொட்டு வச்சிருக்கு அக்கா."

"யாருக்கு?"

"சிலிண்டருக்கு."

அவர் அப்புறம் கேட்காமல் விட்டது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து விசாலாட்சி ஆண்ட்டி வந்தார். கையில் ஒரு தட்டு. தட்டில் சந்தனக் கிண்ணம், குங்குமம், சூடம், தீப்பெட்டி. வீட்டில் சமைத்த அடுப்பை வெறுமனே அனுப்பக் கூடாது, ஒரு சூடம் காட்டி அனுப்பலாம் என்று வந்திருக்கிறார். நேராகச் சாக்கடை ஓரம் குனிந்து தட்டை வைக்கப் போனார். நான் சற்று முன்புதான் கேஸைத் திறந்து குமிழைக் காட்டியிருக்கிறேன். கசிந்தது கொஞ்சம்தான். ஆனால் அது எங்கே போய்ப் படுத்திருக்கும் என்று என் வாயாலேயே அங்கிளுக்குச் சொல்லி முடித்திருந்தேன். தட்டிலிருந்த தீப்பெட்டியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். வாடிக்கைக்காரரின் கையிலிருந்து நான் எதையும் பிடுங்கியது அது ஒன்றுதான். ஆண்ட்டி என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். செந்திலும் தட்டைப் பார்த்தார், சிலிண்டரின் வாயைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

செந்தில் என் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனார்.

"ரப்பர் போச்சுன்னு சொல்லிருங்க ப்ரோ. அத்த தாங்க மாட்டாங்க."

இத்தனை வாரம் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்த மனிதர், அது கைக்கு வந்ததும் கீழே போடச் சொல்கிறார். எனக்குப் புரியவில்லை, பிடித்திருந்தது. பொய் சொல்வது எனக்குக் கஷ்டமும் இல்லை. ஆனால் ரப்பரை மாற்றிவிட்டுப் போனால் அடுத்த பொட்டு வரும். ஸ்விட்ச் மூடியிருக்கிற நேரத்தில் பூசை நடப்பதால்தான் இதுவரை தப்பித்திருக்கிறார்கள். கிரில் எரியும்போது ஒரு நல்ல நாள் வந்து, பக்கத்தில் சூடம் வைத்தால்? குழந்தை வேறு வரப்போகிறது அந்த வீட்டுக்கு.

திரும்பிப் போய், இந்தப் பொட்டு நீங்கள் வைத்ததா ஆண்ட்டி என்று கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒருவராவது கவனித்தார்களே என்று. வெள்ளிக்கிழமை தோறும் அடுப்பைக் கழுவிப் பொட்டு வைப்பது அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்கிற வேலையாம். அடுப்பு உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன. மாப்பிள்ளை நெருப்பின் முன்னால் நிற்கிற இடம், சும்மா விட முடியுமா. தொப்பிக்கு மேல் பொட்டு வைத்தால் அது தொப்பிக்கு வைத்ததாகிவிடும், சிலிண்டருக்கு ஆகாது. அதனால் கொண்டுவந்து மாட்டிய தம்பி எப்படிக் கழற்றினார் என்று பார்த்து வைத்துக்கொண்டு, கழற்றி, துடைத்து, வைத்து, காய்ந்த பிறகு மாட்டுவாராம். இவ்வளவு ஒழுங்காக எங்கள் கம்பெனியில் யாரும் வேலை செய்ததில்லை.

"ஆண்ட்டி, அது நெத்தி இல்ல. அதான் அதோட வாய்," என்றேன்.

காய்ந்த சந்தனத்தைக் காட்டினேன். ரப்பரைக் காட்டினேன். குமிழ் எங்கே வந்தது என்று காட்டினேன். ஆண்ட்டி கெட்டிக்காரர், பாதியிலேயே புரிந்துவிட்டது. தட்டு சாய்ந்து குங்குமம் கொஞ்சம் தரையில் கொட்டியது. கணவரைப் பார்க்கவில்லை. செந்திலைத்தான் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளும் நான்தானா மாப்பிள்ள?"

அங்கிள் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் செந்தில் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நீங்க பொட்டு வச்சதாலதான் அத்த, இத்தன வாரமும் ஒண்ணும் ஆகல."

கிண்டல் செய்தே பிழைத்தவன் நான். எந்த வீட்டிலும் கடைசிப் பேச்சு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பேன். அந்த முற்றத்தில் அதை செந்திலுக்கே விட்டுக்கொடுத்தேன். ஆண்ட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சிலிண்டரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டார்.

"அப்ப இதுக்கு நெத்தி எங்கதான் தம்பி இருக்கு?"

எத்தனையோ சிலிண்டரைத் தோளில் தூக்கியிருக்கிறேன், ஒன்றின் நெற்றியையும் பார்த்ததில்லை. அக்கா இன்னும் போனில்தான் இருந்தார். கேள்வியை அவரிடம் தள்ளிவிட்டேன்.

"கிரில் மூடியில, கைப்பிடிக்கு மேல வைக்கச் சொல்லு. அடுப்பு ஆறியிருக்கறப்ப. சூடம் மட்டும் சாமி ரூம்ல."

பித்தளை வாயைச் சுரண்டித் துடைத்தேன். புது ரப்பர் போட்டேன். தொப்பி க்ளிக் என்று உட்கார்ந்தது. சோப்புத் தெளித்துத் திறந்தேன், நுரை அப்படியே தூங்கியது. மூடிவிட்டுச் சாக்கடையில் தண்ணீரைப் பீய்ச்சி விட்டு, காற்று வாங்கட்டும் என்று எல்லாரும் தள்ளி நின்றோம். ஆண்ட்டி தேநீர் கொடுத்தார், குடித்தோம். அப்புறம் மூடியின் கைப்பிடிக்கு மேலே பொட்டு வைத்தார். ஆற்றோடு போனது திரும்பி வந்தது போல அந்த கிரில் நின்றது. லாரியில் ஏற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, முதுகு அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது.

அங்கிள் உள்ளே போய், ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மசாலா தடவிய மீன். அதை செந்தில் கையில் கொடுத்தார்.

"பத்த வைங்க மாப்பிள்ள," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செந்தில் மூடியைத் திறந்தார். அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் பட்டன். முதல் தட்டிலேயே பற்றியது. என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். திருநெல்வேலிக் காரம், காத்தோங் மீன், நான் வெட்கப்படாமல் சாப்பிட்டேன். கவிதா என் எதிரில் உட்கார்ந்து, தட்டில் மீன் ஆறிப்போவதுகூடத் தெரியாமல், புங்கோல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, சாரி லா, எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுட்டு முடித்ததும் செந்தில் ஸ்விட்சை மூடினார், பழக்கத்தில் பையிலிருந்து போனை எடுத்தார்.

"படம் எதுக்கு மாப்பிள்ள, வாங்க, உக்காருங்க," என்றார் அங்கிள். சொல்லிவிட்டு, நாற்காலியைவிட்டு எழுந்திருக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பையன்களே, உங்கள் மிஷின் அந்த வீட்டில் சனிக்கிழமை கத்தியிருக்கும், திங்கட்கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கும். மிஷினைக் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போய் நின்றதும் அதை ஒரு கையில் பிடித்து, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வீடு வாங்க வந்தாயா என்று யாராவது கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இத்தனை நாளும் உறுத்திக்கொண்டே இருந்தது. குமரேசன் இரண்டு தடவை அந்தத் தொப்பியைக் கழற்றியிருக்கிறான். இரண்டு தடவையும் அடியில் அந்தப் பொட்டு இருந்திருக்க வேண்டும். அது அவன் கண்ணில் படவே இல்லையா? அன்றே கேட்டிருக்கலாம். அக்காவிடம் அவனை மாட்டிவிட மனமில்லாமல் விட்டுவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தாங்க முடியாமல் அவனுக்கு மெசேஜ் போட்டேன். டேய், காத்தோங் வீட்டில் நீ துடைத்தபோது சிலிண்டர் வாயில் பொட்டு இருந்ததா இல்லையா என்று. உடனே பதில் வந்தது.

"இருந்துச்சுடா, சந்தனத்தப் போய் அழுக்குத் துணியில துடைக்க மனசு வரல, சுரண்டி, தண்ணி தொட்டுக் கொழைச்சு என் நெத்தியில வச்சுக்கிட்டு வந்துட்டேன் லா."